பாலஸ்தீனக் கலை: எங்கிருந்து தொடங்குவது, எதைத் தவிர்ப்பது

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பாலஸ்தீனம் பற்றி ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப்போகிறீர்கள். செய்தியில் வெறும் எண்ணிக்கையாக வந்துபோகிறவர்களை நம்மைப் போன்ற மனிதர்களாக வந்திருப்பவர்கள் உணர வேண்டும். அதற்குக் கவிதை, கதை, படம், ஓவியம் என்று "நெஞ்சை உலுக்குகிற மாதிரி" சிலவற்றைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். கூடவே உங்கள் நண்பர் ஒருவர், "இதனால் ஒரு குண்டாவது நிற்குமா?" என்று கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள்.

நண்பரின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம்: நெஞ்சை உலுக்குவதைத் தேடாதீர்கள். அது ஏற்கெனவே எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு இடிபாடும் வெள்ளைத் துணியும் கதறும் தாயும் பார்க்காத யாரும் உங்கள் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. பார்த்துப் பார்த்து, கட்டைவிரல் தானாகவே அடுத்ததற்குத் தள்ளிவிடப் பழகிவிட்டது. அந்தப் படங்கள் வேண்டாதவை என்று சொல்லவில்லை. ஆனால் கதறுகிற ஒருவரைப் பார்த்தால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரியுமே தவிர, அவர் யார் என்று தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால் அவருக்கு என்ன வேண்டும், எதில் பிடிவாதம், எதற்குச் சிரிப்பார், யாரோடு சண்டை என்பதெல்லாம் தெரிய வேண்டும். பாலஸ்தீனப் படைப்புகளில் என் மனதில் தங்கியவை பெரும்பாலும் ஏதோ ஒரு சின்ன ஆசையைச் சுற்றி நடப்பவைதான். அப்படிப்பட்டவற்றைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

கவிஞர் மஹ்மூத் தர்வீஷிலிருந்து தொடங்கலாம். கலிலேயாவில் அல்-பிர்வா என்ற கிராமத்தில் 1941இல் பிறந்தவர். இஸ்ரேல் உருவான 1948இல் அந்தக் கிராமமே இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டு வீடிழந்த பாலஸ்தீனியர் 7 லட்சத்துக்கு மேல். நக்பா, அதாவது பேரழிவு, என்று அவர்கள் சொல்வது இதைத்தான். 1982 ஆகஸ்டில் இஸ்ரேல் ராணுவம் பெய்ரூத்தை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்துகொண்டிருந்தபோது தர்வீஷ் அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அந்த ஆகஸ்டின் ஒரே ஒரு நாளைப் பற்றி ஒரு முழு உரைநடை நூல் எழுதினார். விடிகாலை. வானிலிருந்தும் கடலிலிருந்தும் குண்டுகள். மனிதருக்கு வேண்டியது ஒரு காபி. சமையலறையோ கடலைப் பார்த்த கண்ணாடிப் பக்கம். அங்கே போய் நின்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார். நாட்டுக்காக இல்லை, சமாதானத்துக்காக இல்லை, காபிக்காக மட்டும் ஐந்து நிமிடப் போர்நிறுத்தம் கேட்கிறார். அப்புறம் பக்கம் பக்கமாகக் காபிதான்: தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்கும்போது பொடியைப் போட வேண்டும், எப்படிக் கிளற வேண்டும், அடுத்தவர் கையால் போட்டது ஏன் நம் காபி ஆகாது, நாளின் முதல் காபியை ஏன் யாரோடும் பேசாமல் குடிக்க வேண்டும்.

இதை வாசிக்கிறவர் முற்றுகையை மறந்துவிட மாட்டார். ஆனால் முற்றுகைக்குள் இருப்பவர் "பாதிக்கப்பட்டவர்" என்ற பொதுப்பெயரிலிருந்து வெளியே வந்துவிடுவார். கொஞ்சம் கர்வமும் ஏகப்பட்ட பிடிவாதமும் உள்ள, காபி விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்காத ஓர் ஆளாக நிற்பார். டிகாக்ஷனைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய யாராவது உங்கள் வட்டத்தில் கட்டாயம் இருப்பார். இந்தப் பகுதியிலிருந்து இரண்டு பக்க அளவுக்குத் தமிழாக்கி அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். தர்வீஷின் கவிதைகளுக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. இலங்கைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் பாலஸ்தீனக் கவிதைகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் தந்திருக்கிறார். எழுந்து நின்று முழங்க வேண்டிய அவசியமில்லாத, அமர்ந்து சொல்லக்கூடிய தமிழ் அது.

அடுத்தது ஓவியமோ சிலையோ இல்லை. ஒரு பணிவிடை என்றுதான் சொல்ல வேண்டும். எமிலி ஜாசிர் என்ற பாலஸ்தீனக் கலைஞரிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தது. அதனால் மற்ற பாலஸ்தீனியர் போக முடியாத இடங்களுக்கு அவரால் போக முடிந்தது. 2001 முதல் 2003 வரை, வெளிநாடுகளில் வாழ்பவர்கள், ஊர் திரும்ப அனுமதி இல்லாதவர்கள், பக்கத்து ஊருக்குக்கூடப் போக முடியாதவர்கள் என்று பலரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "பாலஸ்தீனத்தில் எங்கேயாவது உங்களுக்காக நான் எதையாவது செய்ய முடியுமென்றால், என்ன செய்யட்டும்?" பதில்களை ஒவ்வொன்றாக நிறைவேற்றிப் புகைப்படம் எடுத்து, கேட்டதை ஒரு பக்கமும் செய்ததை மறுபக்கமும் மாட்டி வைத்தார்.

மக்கள் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். ஹைஃபாவுக்குப் போய்த் தெருவில் முதலில் கண்ணில் படுகிற பாலஸ்தீனப் பையனோடு கால்பந்து விளையாடுங்கள் என்றார் ஒருவர். என் அம்மாவின் பிறந்தநாளன்று ஜெருசலேமில் அவர் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துப் பிரார்த்தனை செய்யுங்கள் என்றார் இன்னொருவர். ஜெருசலேம் தபால் நிலையத்துக்குப் போய் என் போன் பில்லைக் கட்டிவிடுங்கள் என்று கேட்டவரும் உண்டு. எனக்கு மூன்றிலும் இந்த போன் பில்தான் பிடித்தது. கல்லறையைக் கண்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் போன் பில் கட்டுவதற்குக்கூட வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு கலைஞர் தேவைப்படுகிறார் என்றால், ஆக்கிரமிப்பு என்பது அன்றாடத்தில் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மணி நேரச் சொற்பொழிவில்லாமலே புரிந்துவிடும். அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலை, ஓர் அகதிக் கூடாரம். 1948இல் அழிக்கப்பட்ட, காலியாக்கப்பட்ட 418 கிராமங்களின் பெயர்களை அந்தத் துணியில் நூலால் தைக்க, நியூயார்க்கில் உள்ள தன் பணியிடத்தைத் திறந்துவிட்டு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்தார். பாலஸ்தீனியரும் வந்து தைத்தார்கள், இஸ்ரேலியரும் வந்து தைத்தார்கள்.

படம் என்றால் ஃபரா நபுல்சியின் 'தி பிரசன்ட்' போதும். 2020இல் வந்தது, 24 நிமிடம், 2021இல் குறும்படத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. மேற்குக் கரையில் யூசுஃப் என்ற ஒருவருக்குத் திருமண நாள். மனைவிக்குப் பரிசு வாங்கச் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார். பரிசு ஒரு ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான் கதை. போக ஒரு சோதனைச்சாவடி, வர அதே சோதனைச்சாவடி. தொடக்கக் காட்சியில் கூண்டு போன்ற பாதையில் விடியலுக்கு முன் நெருக்கியடித்து நிற்கிற கூட்டம் நடிகர்கள் இல்லை; பெத்லஹேமின் உண்மையான சோதனைச்சாவடியில் வேலைக்குப் போகிறவர்களோடு நடிகரையும் நிற்கவைத்து எடுத்தார்கள். யூசுஃபுக்கு முதுகுவலி. மாத்திரை தேடிக்கொண்டே இருக்கிறார். மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரைக் கம்பிக்குள் உட்காரவைக்கிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன். நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் படத்தை நான் முன்வைப்பதற்கு இன்னொரு காரணம், நடுவில் இருப்பவர் ஒரு நடுவயது ஆண் என்பது. பாலஸ்தீனியரை மனிதர்களாகக் காட்டுகிறோம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் குழந்தையையும் தாயையும் முன்னால் நிறுத்துவார்கள். அதில் சொல்லாமல் சொல்கிற ஒன்று இருக்கிறது: ஆண்கள் இதில் சேர்த்தி இல்லை. இருபது வயது இளைஞனும் ஐம்பது வயதுத் தகப்பனும் செத்தால் அது கொஞ்சம் குறைந்த சாவு என்பது போல. முதுகு வலிக்கிற, கோபத்தை விழுங்கி விழுங்கி ஒரு கட்டத்தில் கத்திவிடுகிற யூசுஃப் அந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறார்.

இங்கேதான் உங்கள் நோக்கத்தின் மீதே ஒரு ஆட்சேபம் இருக்கிறது. நீங்கள் அதைத் தெரிந்துகொண்டு மேடையேறுவது நல்லது. ஜெருசலேமின் ஷேக் ஜர்ராவைச் சேர்ந்த கவிஞர் முகமது எல்-குர்த் 2025இல் ஒரு நூல் எழுதினார். நாங்கள் மனிதர்கள்தான் என்று நிரூபித்துக் காட்டச் சொல்வதே ஓர் அவமானம் என்பது அவர் வாதத்தின் சாரம். இரக்கத்துக்குத் தகுதி பெற ஒரு பாலஸ்தீனியர் குறையே இல்லாதவராக, கோபப்படாதவராக, மருத்துவராகவோ கவிஞராகவோ பூனை வளர்ப்பவராகவோ இருக்க வேண்டியிருக்கிறது. சாதாரணமான, எரிச்சல் பிடித்த ஒரு மனிதர் செத்தால் அது ஏன் போதவில்லை என்று கேட்கிறார். எனக்கு இந்தக் கேள்வி நியாயமாகப் படுகிறது. அதனால் கலையே வேண்டாம் என்று ஆகிவிடாது. மன்றாடாத கலையைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இது புதிய சச்சரவும் இல்லை. 1969இல், இருபத்தெட்டு வயதில், தர்வீஷ் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே "இந்தக் கொடூரமான அன்பிலிருந்து எங்களைக் காப்பாற்றுங்கள்". பாலஸ்தீனத்திலிருந்து வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அரபு விமர்சகர்கள் எல்லாக் கவிதைகளையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. நல்ல கவிதையா மோசமான கவிதையா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பது அவர் கோரிக்கை. உங்கள் நிகழ்ச்சியில் ஏதாவது ஒரு கவிதை யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லவிடுங்கள். அதுவும் மரியாதைதான்.

எழுத்தாளர் கசான் கனஃபானி இல்லாமல் இந்தப் பட்டியல் முழுமையாகாது. அக்கா என்ற துறைமுக நகரில் 1936இல் பிறந்தவர்; 1972 ஜூலையில் பெய்ரூத்தில் காரில் வைத்த குண்டுக்குப் பலியானார். உடன் இருந்த, சகோதரியின் பதின்வயது மகளும் இறந்தாள். 1963இல் வந்த 'வெயிலில் மனிதர்கள்' என்ற குறுநாவலில் மூன்று பாலஸ்தீனியர் வேலை தேடிக் குவைத்துக்குக் கள்ளத்தனமாகப் போகிறார்கள். ஒளிந்திருப்பது காலியான தண்ணீர் லாரியின் தொட்டிக்குள். எல்லைச்சாவடியில் டிரைவர் ஓடிப்போய்த் தாளில் முத்திரை வாங்கிக்கொண்டு ஓடிவந்தால் பிழைத்துக்கொள்வார்கள். அங்கே இருக்கிற அதிகாரிக்கு அன்று பொழுது போகவில்லை. பஸ்ராவில் உனக்கும் ஒரு நடனக்காரிக்கும் தொடர்பாமே என்று டிரைவரைச் சீண்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பாலைவன வெயிலில் தொட்டிக்குள் மூன்று பேரும் செத்துப்போகிறார்கள். குப்பைமேட்டில் உடல்களை இறக்கிவிட்டு டிரைவர், தொட்டியின் சுவரை நீங்கள் ஏன் தட்டவில்லை என்று கத்துகிறார்.

எகிப்திய இயக்குநர் தவ்ஃபீக் சாலிஹ் இதைச் சிரியாவில் 1972இல் படமாக்கினார். படத்தில் ஒன்றை மாற்றினார். அவர்கள் தட்டுகிறார்கள். அலுவலகத்தின் ஏர்கண்டிஷனர் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நாவலில் கேள்வி உள்ளே இருந்தவர்களை நோக்கியது. படத்தில் அது வெளியே இருப்பவர்கள் மீது திரும்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகளும், அரபு நாடுகள் இஸ்ரேலிடம் தோற்ற 1967 போரும் கிடக்கின்றன. உங்களுக்கு நேரம் இருந்தால் இந்த ஒரு மாற்றத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். அந்த அதிகாரி வில்லன் இல்லை என்பதையும் கவனியுங்கள். இஸ்ரேலியரும் இல்லை. வெட்டிப்பேச்சு பேசுகிற ஓர் அரபு குமாஸ்தா.

கனஃபானியின் இன்னொரு குறுநாவல் 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்'. 1948இல் கலவரத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓட நேர்ந்த தம்பதி, 1967க்குப் பிறகு தங்கள் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். கதவைத் திறப்பவர் ஐரோப்பாவில் நாஜிகளிடம் குடும்பத்தை இழந்து வந்த யூதப் பெண். குழந்தையை வளர்த்தவரும் அவரே. அவன் இப்போது இஸ்ரேல் ராணுவச் சீருடையில் இருக்கிறான். ஆயுதப் போராட்ட இயக்கமொன்றின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர் எழுதிய கதை இது. எதிரில் நிற்பவளுக்கும் ஒரு கடந்தகாலத்தைக் கொடுத்திருக்கிறார், தன் கேள்வியையும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவரை மனிதராகக் காட்டுவது பற்றிப் பேசுகிற நாம் கனஃபானியிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படத்தை மட்டும் மாட்டிவிட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 1983இல் ஜெனீவாவில் பாலஸ்தீனப் பிரச்சினை குறித்து ஐ.நா. ஒரு மாநாடு நடத்தியது. ஆலோசகராக இருந்த பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத், சுவிஸ் புகைப்படக்காரர் ஜான் மோரை அனுப்பிப் பாலஸ்தீனியரின் அன்றாடத்தைப் படமெடுக்க ஏற்பாடு செய்தார். படங்கள் வந்தன. மாட்டலாம், ஆனால் கீழே ஒரு வரியும் எழுதக்கூடாது என்று உத்தரவு. எடுத்த இடத்தின் பெயரை மட்டும் போடலாம். உறுப்பு நாடுகள் சில ஆட்சேபித்திருந்தன. பேசக்கூடாது, தெரியலாம் என்பதுதான் ஏற்பாடு. சயீதும் மோரும் அந்தப் படங்களையும் சேர்த்து, எழுத்தோடு, 1986இல் நூலாகக் கொண்டுவந்தார்கள். உங்கள் அரங்கில் புகைப்படம் மாட்டுவதாக இருந்தால் ஒவ்வொன்றின் கீழும் இது எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன நடக்கிறது, யார் எடுத்தது என்று நாலு வரியாவது இருக்கட்டும்.

ஓவியத்தில், ஹந்தலா என்ற கார்ட்டூன் சிறுவன் இல்லாமல் முடியாது. அவனை வரைந்த நாஜி அல்-அலி பத்து வயதில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு லெபனானின் ஐன் அல்-ஹில்வே அகதி முகாமில் வளர்ந்தவர். முகாம் சுவரில் அவர் வரைந்ததைப் பார்த்து முதலில் பத்திரிகையில் போட்டவர் இதே கனஃபானிதான். 1969இல் குவைத் பத்திரிகை ஒன்றில் ஹந்தலா பிறந்தான்: பத்து வயது, செருப்பில்லாத கால், ஒட்டுப் போட்ட உடுப்பு, முள்ளு முள்ளாகத் தலைமுடி. 1973க்குப் பிறகு நமக்கு முதுகைக் காட்டிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஊர் திரும்பினால்தான் அவனுக்கு வயது ஏறும் என்றார் நாஜி. ஒரு மக்கள் கூட்டத்தின் அடையாளமாக உலகம் முழுக்கச் சுவர்களில் இருக்கிற குழந்தைக்கு முகமே தெரியாது என்பதை யோசித்துப் பாருங்கள். அழுத கண்ணோ, பார்க்கிறவரிடம் கெஞ்சும் பார்வையோ கிடையாது. நீ என்னைப் பார்க்க வேண்டாம், நான் பார்ப்பதை நீயும் பார் என்று நிற்கிறான். அவன் பார்க்கிற காட்சிகளில் இஸ்ரேல் ராணுவம் உண்டு. பருத்துக் கொழுத்த அரபு ஆட்சியாளர்களும் உண்டு. பாலஸ்தீனத் தலைமையும் தப்பவில்லை. 1987 ஜூலையில் லண்டனில் பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே நாஜி சுடப்பட்டு ஆகஸ்டில் இறந்தார். சுட்டது யார் என்று நிரூபணமாகவில்லை; 2017இல்கூட லண்டன் போலீஸ் தகவல் கேட்டு வேண்டுகோள் விடுத்தது.

ஓவியர் சுலைமான் மன்சூரைப் பற்றி எல்லோரும் சொல்வது, ஜெருசலேமை மூட்டையாக முதுகில் சுமக்கும் கிழவரின் ஓவியம். பாலஸ்தீன வீடுகளின் சுவர்களில் அச்சுப்பிரதியாகத் தொங்கிய படம் அது. எனக்கு அதைவிட அவருடைய சேற்று ஓவியங்கள் பெரிது. 1980இல் ராமல்லாவில் அவரும் நண்பர்களும் நடத்திய ஓவியக்கூடத்தை ராணுவம் மூடியது. பாலஸ்தீனக் கொடியின் நிறங்களான சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை சேர்த்து வரையக்கூடாது என்று அதிகாரி சொன்னாராம். பூ வரைந்தால் என்று நண்பர் கேட்க, தர்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்றாராம். இப்போது எங்கும் காண்கிற தர்பூசணிச் சின்னத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இது, மன்சூரே நினைவுகூர்ந்தது. 1987இல் முதல் இன்டிஃபாதா, அதாவது ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சி, தொடங்கியதும் இஸ்ரேல் கடைகளிலிருந்து வரும் வண்ணங்களை வாங்குவதில்லை என்று மன்சூர், வேரா தமாரி, நபீல் அனானி, தைசீர் பரக்காத் ஆகியோர் முடிவெடுத்தார்கள். மண், வைக்கோல், மருதாணி, காபி, தோல் என்று கையில் கிடைத்ததில் வேலை செய்தார்கள். மன்சூரின் மண் உருவங்கள் காயக் காய வெடித்தன. வெடிப்பைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டார்.

மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவரில் வெளிநாட்டு ஓவியர்கள் வரைந்தவற்றை நிகழ்ச்சியில் காட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸி அங்கே வரைந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து, சுவரை அழகாக்குகிறாய், எங்களுக்கு இது அழகாக இருக்க வேண்டாம், ஊருக்குப் போ என்று சொன்னதை பேங்க்ஸியே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெரியவர் பக்கம்தான் நான்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் புகழ்பெற்றவர்கள் விஷயம். பாட்டிகளை மறந்துவிடக் கூடாது. ஹிகாயே என்பது பாலஸ்தீன வீடுகளில் குளிர்கால இரவுகளில் மூத்த பெண்கள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லும் கதைகள். ஆண்கள் அந்த வட்டத்தில் உட்காருவது கௌரவக்குறைச்சல். யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இது இருக்கிறது. இப்ராஹிம் முஹாவியும் ஷரீஃப் கனாஅனாவும் இவற்றைத் திரட்டி, 45 கதைகளை 1989இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு கதையில் குழந்தை இல்லாத ஒருத்தி, பானையாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மகளைக் கொடு கடவுளே என்று கேட்கிறாள். பானையே பிறக்கிறது. "துன்ஜுர், துன்ஜுர்" என்று தெருவில் உருண்டு போய் ஊரான் வீட்டுத் தேனையும் இறைச்சியையும் வயிற்றில் அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்கிறது அந்தத் திருட்டுப் பானை. கதைகளில் பச்சையான பேச்சும் உண்டு. அதற்காகவே 2007இல் ஹமாஸ் நடத்திய கல்வி அமைச்சகம் அந்தத் தொகுப்பைப் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. எதிர்த்துக் கூச்சல் எழுப்பியவர்கள் பாலஸ்தீன எழுத்தாளர்களும் ஆசிரியர்களுமே. உங்கள் நிகழ்ச்சியை இந்தப் பானைக் கதையோடு தொடங்குங்கள் என்பது என் யோசனை. முதல் பத்து நிமிடத்தில் அரங்கு சிரித்துவிட்டால் அதற்குப் பின் வருகிற எதையும் "ஐயோ பாவம்" என்ற ஒற்றை வார்த்தையில் முடிக்க யாராலும் முடியாது.

தத்ரீஸ் என்ற துணி எம்பிராய்டரியையும் ஒரு மூலையில் வைக்கலாம். மார்பில் தைத்திருக்கும் கோலத்தையும் நிறத்தையும் பார்த்து ஒரு பெண் எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். கொடியைப் பறக்கவிட்டால் சிறை என்றிருந்த முதல் இன்டிஃபாதா நாட்களில் பெண்கள் கொடியின் நிறங்களை உடுப்பிலேயே தைத்துக்கொண்டார்கள்.

இப்போதைய காஸாவுக்கு வருவோம். ரெஃபாத் அல்அரீர் காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தியவர். 2008-09 போருக்குப் பிறகு மாணவர்களை உட்காரவைத்துக் கதை எழுதச் சொன்னார். அதிலிருந்து 15 இளம் எழுத்தாளர்களின் 23 கதைகளை 2014இல் தொகுத்து வெளியிட்டார். அவர் சொந்தக் கவிதை ஒன்று, தான் செத்தால் தன் பொருட்களை விற்றுத் துணி வாங்கி ஒரு பட்டம் செய்து பறக்கவிடச் சொல்வது. 2023 டிசம்பர் 6இல் குண்டுவீச்சில் கொல்லப்பட்ட பிறகு அது எண்ணற்ற மொழிகளுக்குப் போயிற்று. அந்தக் கவிதையை எல்லோரும் வாசித்துவிட்டார்கள். நீங்கள் அந்த மாணவர்களின் கதை ஒன்றை எடுங்கள். அவர் வாழ்க்கையில் செய்த வேலை அதுதான்.

ஃபாத்திமா ஹசூனா என்ற இளம் புகைப்படக்கலைஞரோடு ஈரானிய இயக்குநர் செபிதே ஃபர்ஸி நடத்திய வீடியோ உரையாடல்களே ஒரு படமாக ஆயின. கேன்ஸில் அது தேர்வான அறிவிப்பு 2025 ஏப்ரல் 15இல் வந்தது. மறுநாளே காஸா நகரில் ஃபாத்திமா வீட்டார் பலரோடு கொல்லப்பட்டார். படத்தில் நினைவில் நிற்பது அவருடைய சிரிப்பு. இணையம் அறுந்து அறுந்து வரும் திரையில் அந்தச் சிரிப்பு சில நேரம் பார்க்கிறவருக்கு எரிச்சலைக்கூடத் தரும்: இப்படி ஒரு நிலையில் எப்படி இந்தப் பெண்ணால் முடிகிறது? அந்த எரிச்சலைப் பற்றியே உங்கள் வட்டத்தில் பேசலாம்.

2024 ஜனவரியில் காஸாவில் தாக்குதலுக்கு நடுவே காருக்குள் சிக்கி, செம்பிறைச் சங்க மீட்புக் குழுவோடு போனில் பேசிக்கொண்டிருந்த சிறுமி ஹிந்த் ரஜபின் உண்மையான குரலை வைத்து, துனிசிய இயக்குநர் கவுதர் பென் ஹனியா எடுத்த படம் 2025இல் வெனிஸில் நடுவர் குழுவின் பெரும்பரிசு பெற்றது. நல்ல படம், ஆனால் உங்கள் மாலைக்கு வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு யாராலும் எதுவும் பேச முடியாது, உங்களுக்கு வேண்டியது உரையாடல்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஒரு குண்டும் நிற்காது. இதைப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. மேற்குக் கரையின் தெற்கே மஸாஃபர் யத்தா என்ற மலைக்கிராமங்களை ராணுவப் பயிற்சிக் களம் என்று அறிவித்து வீடுகளை இடிப்பதைப் பற்றிய 'நோ அதர் லேண்ட்' 2025 மார்ச் 2இல் ஆஸ்கர் வாங்கியது. இரண்டு பாலஸ்தீனியர், இரண்டு இஸ்ரேலியர் சேர்ந்து இயக்கியது. அதே மாதம் 24ஆம் தேதி, இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லாலை இஸ்ரேலியக் குடியேறிகள் அடித்தார்கள். ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. ஜூலையில், அந்தப் படத்துக்கு உதவிய அவ்தா ஹதாலீன் தன் கிராமத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அமெரிக்காவில் ஆஸ்கர் வாங்கிய படத்தை வெளியிட ஒரு விநியோகஸ்தர்கூட முன்வரவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. வீட்டை இடித்த பிறகு ஒரு ஜெனரேட்டரையும் பறிக்க வருகிறார்கள். ஓர் இளைஞன் அதை விடாமல் பிடித்து இழுக்கிறான், சுடப்படுகிறான். கழுத்துக்குக் கீழே செயலிழந்து குகைக்குள் படுத்திருக்கிறான். ராணுவ அறிக்கைகளில் அது கைகலப்பு என்று போகும். படம் இருப்பதால் அது ஜெனரேட்டர் என்று நமக்குத் தெரியும். குண்டு போடுவதற்கு முன்னும் பின்னும் நிறையப் பேச்சு தேவைப்படுகிறது: அங்கே யாரும் இல்லை, இருந்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான், நடந்தது வேறு என்றெல்லாம். அந்தப் பேச்சை எளிதில் நம்ப முடியாமல் செய்வதுதான் இந்தப் படைப்புகளின் வேலை. அது குறைந்த வேலைதான். நண்பர் அதைவிட அதிகம் கேட்டால் அவரை அரசியல் செய்யச் சொல்லுங்கள். கலையிடம் அதைக் கேட்பது சரியில்லை.

கடைசியாக, வரிசை. பானைக் கதை, தர்வீஷின் காபி, நுஃமான் மொழிபெயர்ப்பில் இரண்டு கவிதைகள், பிறகு டீ. அதன் பின் 'தி பிரசன்ட்', உரையாடல். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பொதுத் திரையிடலுக்கு முன்கூட்டியே உரிமையாளருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். நோக்கத்தைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வசனம் குறைவு என்பதால் தமிழ் சப்டைட்டிலை நீங்களே ஒரு வாரத்தில் போட்டுவிடலாம். ராணுவத்தினர் ஹீப்ருவிலும் யூசுஃப் அரபியிலும் பேசுவது தெரியும்படி இரண்டுக்கும் இரண்டு நிறம் வையுங்கள். யார் எந்த மொழியில் கத்துகிறார்கள் என்பது அந்தப் படத்தில் முக்கியம்.